பழைய எண், புதிய எண்

மயிலாப்பூர் தன்னார்வக் குழு ஒன்றுக்கு வாடகை சர்வர்களோடு எட்டு ஐபி முகவரிகள் கிடைத்தன. எட்டு என்பது பேச்சுக்கு. முதலும் கடைசியும் நெட்வொர்க்குக்கே போய்விடும், ஒன்று கேட்வேக்கு, மிச்சம் ஐந்து. ஐந்துக்கும் எக்செல் தாளில் ஆள் உண்டு. ஒன்றின் எதிரே ‘டெஸ்ட், தொடாதீர்கள்’ என்று எழுதியவர் அமெரிக்கா போய்விட்டார். பிங் செய்தால் பதில் இல்லை. எடுத்துக்கொள்ளலாமா என்றால், “எதற்கும் அவரை ஒரு வார்த்தை கேட்டுடுவோம் சார்” என்கிறார்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். சுமார் 429 கோடி ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமோ சுமார் 1.68 கோடியை மடியில் கட்டிக்கொண்டிருந்தது. அதில் சுமார் 1.4 கோடியைத் தொட்டதே இல்லை என்று 2017இல், விற்கக் கிளம்பியபோது, அதுவே சொன்னது.

புதிய முறையான ஐபிவி6க்குப் போகலாமே? தி.நகர் வாசல்களில் பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்ந்தே தொங்குவதுபோல் இரண்டையும் ஓட்டலாம். குழுவும் சம்மதித்துவிட்டது. ஒரு சப்நெட்டிலேயே 1.84 லட்சம் கோடி கோடி முகவரிகள். அவற்றைப் பங்கிட மூவர் கமிட்டி போட்டாயிற்று. செயலாளர் யார் என்பதில்தான் இழுபறி.