கடல் பார்த்த டைப் ஃபோர்

தில்லியில் ஒரு தமிழரை இன்னொரு தமிழருக்கு அறிமுகம் செய்து வைத்தால், "எந்த ஊர்?" என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "எங்க இருக்கீங்க?" ஆர்.கே. புரம் என்று சொன்னால் விட மாட்டார்கள். எந்த செக்டர்? ஏழா? மலை மந்திருக்குப் பக்கமா, தள்ளியா? சர்க்கார் குவார்ட்டர்ஸில் டைப் த்ரீயா, ஃபோரா? கிரவுண்ட் ஃப்ளோரா, மாடியா? ஐந்தாவது பதில் வருவதற்குள் உங்கள் சம்பளம், சர்வீஸ், எந்த மினிஸ்ட்ரி, பெண்ணுக்கு எந்த அளவில் வரன் பார்க்கிறீர்கள் என்பதெல்லாம் எதிராளிக்குத் தெரிந்துவிடும். பெயரைக் கேட்க மறந்திருப்பார். அது பரவாயில்லை.

அலாட்மென்ட் மாமா இந்த மண்ணில் விளைந்தவர். மயூர் விஹாரிலும் பட்பர்கஞ்சிலும் தமிழர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட ஒவ்வொரு சொசைட்டியிலும் இவரைப் போல ஒருவர் இருப்பார். இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர். கரோல் பாக்கில் நாலு பேர் சேர்ந்து எடுத்த மொட்டைமாடி பர்சாத்தி, அப்புறம் யாரோ ஒரு சர்தார்ஜி சப்லெட் கொடுத்த ஒற்றை அறை, அப்புறம் நேதாஜி நகரில் டைப் டூ, ஆர்.கே. புரத்தில் டைப் த்ரீ. வாழ்நாள் ஆசையான டைப் ஃபோர் கைக்கு வந்தபோது ரிட்டையர் ஆக எட்டு மாதம் பாக்கி. அதுவும் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மெடிக்கல் கிரவுண்டில் கிரவுண்ட் ஃப்ளோர் கேட்டு எழுதினார். பதில் வந்தபோது பென்ஷனும் கூடவே வந்துவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு வேறு என்னவாக இருக்க முடியும்? மற்றவர்கள் எங்கே தங்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார். ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு எந்த மடம், பத்ரிநாத் போகிறவர்களுக்கு எந்த தர்மசாலை, சிம்லாவில் சர்க்கார் ஹாலிடே ஹோமாக இருக்கும் கிராண்ட் ஹோட்டலில் எந்தப் பக்கத்து அறை என்பதெல்லாம் விரல் நுனியில். சொந்தக் காசைக் கொடுத்து ஹோட்டலில் தங்கிய அனுபவம் மாமாவுக்கு அநேகமாக இல்லை. அதனால்தான் அவரால் பாரபட்சமில்லாமல் சொல்ல முடிகிறது.

2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றது. அதே நவம்பரில் தில்லிக் காற்று வழக்கம்போல் நெஞ்சை அடைக்க, பள்ளிக்கூடங்களை மூடினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த சொசைட்டி இளைஞர்கள் மூட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். முதலில் பாங்காக், அப்புறம் புக்கெட், அப்புறம், "புக்கெட்லாம் ஒரே கூட்டம் அங்கிள், நாங்க கிராபி போறோம்." மாமாவின் அதிகார எல்லை அந்தமான் கடலைத் தாண்டியது இப்படித்தான். அதுவரை அவர் போட்டுக் கொடுத்த நீண்ட பயணம் போர்ட் பிளேர். சர்க்கார் ஊழியர்களுக்கு ஸ்பெஷல் எல்.டி.சி. பயணச் சலுகை உண்டு, விமானத்திலேயே போகலாம். "அதே கடலோட எதிர்க் கரைதான் கிராபி. ஆனா அங்க போக எல்.டி.சி. கிடையாது பார்" என்பதில் அவருக்கு இன்னும் ஒரு ஆதங்கம்.

போன வருஷம் மூன்றாம் மாடித் தம்பதி வந்து மாட்டிக்கொண்டார்கள். இருவருக்கும் நொய்டாவில் வேலை. இரண்டு குழந்தைகள், பையனின் அம்மா, அந்த அம்மாவின் முழங்கால் வலி. ஃபோனில் பத்து நிமிஷத்தில் புக் பண்ணியிருப்பார்கள். மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்கள். மாமா உள்ளே போய்ப் பச்சைத் தாளோடு வந்தார்.

பழைய ஆபீஸ் நோட்ஷீட் அது. ரிட்டையர் ஆகும்போது ஒரு கட்டு எப்படியோ கூடவே வந்துவிட்டது. அதில்தான் எழுதுவார். முதல் பாரா, பொருள். இரண்டாவது, பின்னணி. மூன்றாவது பாராவில் கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட். மூன்று கொட்டேஷன் இல்லாமல் மாமா யாரையும் எங்கும் தங்கவிட மாட்டார். குறைந்த விலைக்காரனான எல்-ஒன்னை எப்படிக் காரணம் காட்டித் தள்ளுவது என்பதும் அவருக்குத் தெரியும்.

"முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும்," என்று ஆரம்பித்தார். "கிராபிங்கறது ஊர் இல்ல, ஜில்லா. கிராபி டவுன்ல ரூம் போட்டுட்டு, போய் இறங்கி பீச் எங்கன்னு கேக்கறவன் எத்தனை பேர் தெரியுமா? அங்க ஆறுதான் இருக்கு. கடலுக்கு அரை மணி நேரம் வண்டியில போகணும். சீப்பா கிடைக்கும், ராத்திரிச் சந்தை நல்லாருக்கும். லக்ஷ்மி நகர்னு வெச்சுக்கோ."

இதுதான் மாமாவின் முறை. உலகத்தில் எந்த ஊரையும் தில்லியின் ஏதாவது ஒரு பேட்டைக்குள் அடைத்தால்தான் அவருக்கு அது பிடிபடும். ஆவ் நாங் கடற்கரை கரோல் பாக்: எல்லாம் கிடைக்கும், கூட்டமும் கிடைக்கும், நாலு கடைக்கு ஒரு இந்தியச் சாப்பாட்டுக்கடை, சூட் தைக்கும் கடைக்காரர் வாசலில் நின்று ஹிந்தியில் கூப்பிடுவார். அதற்கு வடக்கே க்ளோங் முவாங் சாணக்யபுரி. பெரிய ரிசார்ட், அகலமான தோட்டம், ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்க வேண்டுமென்றால் டாக்சி. பீ பீ தீவுகளும் கிராபி ஜில்லாதான், ஆனால் அது பஹர்கஞ்ச். முதுகுப்பை வெள்ளைக்காரர்களும் விடிய விடியச் சத்தமும். தீவில் கார் கிடையாது, பெட்டியைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். "அந்த ஹாலிவுட் படம் எடுத்தாங்களே, மாயா பே, அது அங்கதான். ஜனங்க மிதிச்சு மிதிச்சுப் பவளப்பாறை போயிடுச்சுன்னு 2018ல மூடி, 2022ல திறந்தாங்க. இப்பவும் வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர்ல மூடிடறான். அதுதான் அட்மினிஸ்ட்ரேஷன்!"

கோ லந்தா, துவாரகா. இதை விளக்க மாமாவுக்கு முழுசாக ஒரு டம்ளர் காபி தேவைப்பட்டது. விமான நிலையத்திலிருந்து வண்டி, வண்டியோடு படகில் ஏறிச் சின்ன லந்தா, 2016ல் திறந்த பாலத்தைத் தாண்டிப் பெரிய லந்தா. போய்ச் சேர்ந்தால் நிம்மதி. நீளமான கரை, குழந்தைகளுக்கு ஆழமில்லாத தண்ணீர், மேற்கே சூரியாஸ்தமனம். "ஆனா போய்ச் சேரணும் இல்ல? துவாரகால ஃப்ளாட் வாங்கினவனைக் கேளு, சொல்லுவான்." கிழக்குப் பக்கத்துப் பழைய ஊர், கடல்நாடோடிகளின் குடியிருப்பு என்று அவர் அடுக்கிக்கொண்டே போனபோது, அந்தத் தீவில் பிறந்தவர் என்றுதான் வெளியாள் நினைப்பார். எல்லாம் மயூர் விஹார் பால்கனியில் உட்கார்ந்து, பேரன் கழித்துப் போட்ட டேப்லெட்டில் கற்றது. எனக்கு இதில் கேலி கொஞ்சமும் பொறாமை நிறையவும் உண்டு. போன இடத்தையே கவனிக்காமல் வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

ரைலே என்றதும் குரல் தாழ்ந்தது. அதற்குச் சாலையே கிடையாது. பின்னால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, முன்னால் கடல். ஆவ் நாங்கிலிருந்து நீளவால் படகில் பதினைந்து நிமிஷம், ஆள் சேர்ந்தால்தான் கிளம்புவான். "அது லுட்யன்ஸ் பங்களா. டைப் எய்ட். பார்த்துட்டு வரலாம், நமக்கு அலாட் ஆகாது." அலாட் ஆகும், காசு கொடுத்தால் யாருக்கும் ஆகும் என்று பையன் ஃபோனைத் திறந்து காட்டினான். மாமா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது கிழக்கு ரைலே. சதுப்புக் காடு. தண்ணி இறங்கினா சேறு. மணல் இருக்கறது மேற்கு ரைலேல. படத்துல எந்த வேளைல எடுத்தான்னு பார்க்கணும்" என்றார். பையன் ஃபோனை மூடிவிட்டான். எந்த ஏஜெண்டும் சொல்லாத விஷயம் அது.

"எப்பப் போறீங்கன்னு சொல்லவே இல்லியே?" என்றார் பிறகு. ஜூனில் குழந்தைகளுக்கு லீவு. மாமா பேனாவைக் கீழே வைத்தார். மே முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவம். கடல் கொந்தளிக்கும், கரையில் சிவப்புக் கொடி, அறை வாடகை மட்டும் சரிந்து கிடக்கும். அப்போது போவதானால் எதிர்ப்பக்க வளைகுடாவில் சூரத் தானி மாகாணத்து சாமுய் தேவலை. அங்கே மழை அக்டோபருக்கு மேல்தான். கிராபிதான் வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரி. அதிலும் தில்லி மூடுபனி இருக்கிறது. விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது அந்த விமானத்துக்கே தெரியாது. அதனால் இறங்குகிற அன்றே தீவுப் படகு பிடிக்கிற ஏற்பாடு கூடாது, மாலைக்கு மேல் படகு இல்லை. இதையெல்லாம் பாரா எட்டில் எழுதி அடிக்கோடிட்டார். பயணம் டிசம்பருக்குத் தள்ளி வைக்கப்பட்டது. விலை இரண்டு மடங்கு என்று பையன் முனகியதை நோட்ஷீட்டில் பதியவில்லை.

சாப்பாட்டுக்குத் தனிப் பாரா. பையனின் அம்மா மீன் வாசனை பட்ட பாத்திரத்தையே தொட மாட்டார். அங்கேயோ காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவான். மாமா அதற்கும் வழி வைத்திருந்தார். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் ஒரு குறி இருக்கும், 'ஜே' என்று கேட்க வேண்டும். கறி, மீன் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் கிடையாது. "விரத நாளுக்கே ஆகும்" என்றார் பெருமையாக, தானே சமைத்ததுபோல. இருந்தாலும் சின்ன ரைஸ் குக்கரும் பருப்புப் பொடியும் எடுத்துப் போவது நலம் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு பரிந்துரை.

எந்தத் தளம் என்பதில்தான் இழுத்தது. முழங்கால் வலிக்குக் கிரவுண்ட் ஃப்ளோர். ஆனால் 2004 டிசம்பர் 26ஐ மாமா மறக்கவில்லை; அன்று பீ பீ தீவின் நடுக்கழுத்து மணல்திட்டை அலை இரண்டு பக்கமும் அடித்துத் துடைத்தது. மாமி நாகப்பட்டினத்துப் பெண். மாமாவின் எல்லா நோட்டிங்குக்கும் சமையலறையிலிருந்தே மறுப்பு எழுதுகிறவர், இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். முதல் மாடி, லிஃப்ட் அவசியம், என்று முடிவானது.

மாமி திரும்பி வந்து, "இவ்வளவு எழுதறீங்களே, அங்க கடல்ல இறங்கிக் குளிக்கலாமா கூடாதா?" என்று கேட்டார். மாமா தாளைப் புரட்டினார். பன்னிரண்டு பாராவில் அது இல்லை.

சமாளிக்க அவர் எடுத்த ஆயுதம் கொஞ்சம் பெரிது. கிராபி ஜில்லாவில் க்ளோங் தோம் என்று ஒரு இடம். மணிகள் நிறையக் கிடைத்த பழைய துறைமுகம். அங்கே தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்த ஒரு சின்ன உரைகல் கிடைத்திருக்கிறது, கி.பி. மூன்று நான்காம் நூற்றாண்டு என்று சொல்கிறார்கள். பொன் உரைத்துப் பார்க்கிற தட்டான் கல். அங்குள்ள புத்தர் கோயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "யோசிச்சுப் பாரு. நம்ம ஆள் ஒருத்தன் ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே கிராபில போய்த் தங்கியிருக்கான். பேரை எழுதினவன், எங்க தங்கினேன்னு ஒரு வரி எழுதக் கூடாதா? இப்ப நமக்கு எவ்வளவு சௌகரியம்!"

"அவன் குளிச்சிருப்பான்" என்றார் மாமி.

கடைசியில் பாரா பதினாலு: 'மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு, ஆவ் நாங்கில் கரையிலிருந்து ஒரு தெரு உள்ளே, கடல் நோக்கிய முதல் மாடி, நான்கு இரவு பரிசீலிக்கப்படலாம். ரைலே பகல் பயணம் மட்டும்.' கீழே கையெழுத்து, தேதி. 'ஒப்புதலுக்கு' என்று மாமியிடம் நீட்டினார். மாமி அதில் கையெழுத்துப் போடாமல், பையனிடம், "எனக்கும் ஒரு டிக்கெட் சேர்த்துப் போடுடா, உங்கம்மாவுக்குத் துணையா இருக்கும்" என்றார். மாமாவுக்குக் கூப்பிட்டும் போக மனசில்லை. இங்கிருந்து கண்காணிக்க ஒருத்தர் வேண்டாமா?

புறப்படும் வாரம் அவருக்கு ஒரு பெரிய ஆறுதல் கிடைத்தது. 2025 மே முதல் தேதியிலிருந்து தாய்லாந்து போகிறவர்கள் எல்லோரும் முன்கூட்டியே இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதில் தங்கும் முகவரி கேட்கிறார்கள். சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன் முதல் காய்கறி வண்டிக்காரர் வரை எல்லோரிடமும் மாமா சொன்னார்: "விசா வேண்டாங்கறான், கேட்டியா? எங்க தங்கறேன்னு சொல்லாம உள்ள விட மாட்டேங்கறான். விஷயம் தெரிஞ்சவன்!"

முதல் நாள் ராத்திரி மாமி ஃபோன் பண்ணினார். அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னால், தூக்கக் கலக்கம் வேறு. ரூம் நன்றாக இருக்கிறது, கடல் நோக்கியதுதான். பால்கனியின் இடது மூலையில் நின்று கம்பியைப் பிடித்துச் சாய்ந்தால் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் கொஞ்சம் தெரிகிறது.

மாமாவுக்கு உற்சாகம் பொங்கியது. இத்தனை வருஷத்துக்கப்புறம் ஒரு உண்மையான கேஸ்.

"கவலைப்படாதே. காலைல ரிசப்ஷன்ல ரெப்ரசென்டேஷன் எழுதிக் குடு, முழங்காலையும் சேர்த்து எழுது, மெடிக்கல் கிரவுண்ட் ஸ்ட்ராங்கா இருக்கும். மாத்தித் தரேன்னுதான் சொல்லுவான். ஆனா ஒண்ணு, புது ரூம் சாவி கைக்கு வர்ற வரைக்கும் பழைய சாவியை மட்டும் குடுத்துடாதே."

"சாவி எங்க இருக்கு? பிளாஸ்டிக் கார்டுதான் குடுத்திருக்கான்."

மாமா ஒரு கணம் யோசித்தார்.

"அப்ப அதை ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோ."