கேம் ஆடாமல் லினக்ஸ் போடுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நல்லது. லினக்ஸுக்கு மாறிவிடலாம், தொந்தரவில்லாமல் கேம் ஆடலாம் என்று கிளம்பிவிட்டீர்கள். கிளம்பியதுவரை சரி. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

1. முதலில் வால்பேப்பரைப் பாருங்கள். டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் வகையை, தேர்ந்தெடுக்க வேறென்ன வேண்டும்? டிராகன் படம் பிடித்திருந்தால் காளி லினக்ஸ். அது பாதுகாப்புச் சோதனைக்கு உருவானது, கேமுக்கெல்லாம் பரிந்துரைப்பதில்லை என்று அதைச் செய்தவர்களே ஆவணத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆவணத்தை யார் படிக்கிறார்கள்?

2. போன மாதம் சந்தைக்கு வந்த என்விடியா கார்டா? டெபியன் ஸ்டேபிளைப் போடுங்கள். புதிய பதிப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். கார்டும் டிரைவரும் அதுவரை அறிமுகமாகாமலே இருக்கட்டும். ஏஎம்டி கார்டு வாங்கிவிடாதீர்கள். அதற்கான திறந்த மூல டிரைவர் கர்னலிலும் மேசாவிலும் ஏற்கெனவே இருக்கிறது. செய்வதற்கு வேலையே இருக்காது.

3. பாஸைட் என்று ஒன்று இருக்கிறது. ஃபெடோராவின் மேல் கட்டியது. ஸ்டீம் உள்ளேயே வரும், என்விடியாவுக்குத் தனிப் பதிப்பும் உண்டு, அப்டேட் சொதப்பினால் பழைய பதிப்புக்கே பூட் செய்துகொள்ளலாம். நிறுவிய அன்று மாலையே ஆட உட்கார்ந்துவிடுவீர்கள். வெளியே சொன்னால் யார் மதிப்பார்கள்? ஆர்ச்சைக் கையாலேயே நிறுவுங்கள். ‘ஸ்டீம் டெக்கில் இருப்பதும் ஆர்ச்தானே’ என்று வாதாடுங்கள். டெக்கைத் தயாரிக்கும் வால்வ் அதன் சிஸ்டம் கோப்புகளை யாரும் எழுத முடியாதபடி பூட்டித்தான் தருகிறது என்பதை மட்டும் விழுங்கிவிடுங்கள்.

4. திரையில் எச்சரிக்கை வந்தால் எண்டரைத் தட்டுங்கள். இதில் நமக்கு முன்னோடி உண்டு. 2021-இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீமை நிறுவப் போனார். அப்போது பேக்கேஜில் ஒரு கோளாறு. ‘முக்கியமானவற்றை நீக்கப்போகிறேன், சம்மதமென்றால் யெஸ், டூ ஆஸ் ஐ சே என்று டைப் செய்’ என்றது டெர்மினல். எழுத்துப் பிசகாமல் டைப் செய்தார். டெஸ்க்டாப்பே காணாமல் போனது. கோளாறைச் சரிசெய்ததோடு நிற்காமல், இப்படி எளிதில் அழிக்க முடியாதபடி பேக்கேஜ் நிறுவும் ஏபிடி கருவியையே பின்னர் மாற்றிவிட்டார்கள். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் முயற்சி தேவைப்படும். மனம் தளராதீர்கள்.

5. விண்டோஸில் இறக்கிய கேமை என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனிலிருந்தே ஓட்டுங்கள். விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ‘c:’ என்ற பெயரில் ஒரு போலி டிரைவை உண்டாக்கும். பெயரில் முக்காற்புள்ளி இருந்தால் விண்டோஸ் ஏற்காது. இரண்டையும் மோதவிட்டு வேடிக்கை பாருங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் திரும்ப இறக்கினால் ஒரு ராத்திரியில் தீர்ந்துவிடும், அவசரப்படாதீர்கள்.

6. வால்வ் 2018-இல் வெளியிட்ட புரோட்டானில் அதற்குத் தேவையான வைனும் டிஎக்ஸ்விகேவும் சேர்ந்தே வருகின்றன. ஸ்டீம் செட்டிங்கில் தேடினால் கிடைக்கும். தேடாதீர்கள். வைனை நீங்களே கம்பைல் செய்யுங்கள். புரோட்டான்டிபி தளத்தில் யார் யாரோ, எந்தெந்த ஆண்டிலோ போட்ட லாஞ்ச் ஆப்ஷன்களை எல்லாம் ஒரே வரியில் ஒட்டுங்கள். எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியக்கூடாது.

7. எந்த கேமை ஆடப்போகிறீர்கள் என்பதைக் கடைசியில் யோசியுங்கள். வேலரண்டா? அதன் ஆன்டிசீட்டான வேன்கார்டு விண்டோஸ் கர்னலுக்குள் உட்காருவது, லினக்ஸில் ஓடாது. ஃபோர்ட்நைட்டையும் நேரடியாக ஓட்ட முடியாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஈஸி ஆன்டிசீட்டும் பேட்டில்ஐயும் 2021-இலேயே புரோட்டானுக்கு வழிவிட்டாயிற்று. ஆனால் அனுமதிப்பது கேம் செய்தவர் கையில். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் இதில் அணுவளவும் மாற்றமில்லை.

ஆகவே, உடனே வேறு டிஸ்ட்ரோவுக்கு மாறுங்கள்.