அமெரிக்க நம்பரும் அரைப்பேரும்

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கச்சி அனுப்பிய செய்தி கிடைத்தது. "அமெரிக்காவிலிருந்து எவனோ ராத்திரி ராத்திரியா கோல் எடுக்கிறான். கட் பண்ணிக் கட் பண்ணி விரல் வலிக்குது. குவைத்தில இருக்கிறவன் ஒரு கோல் எடுக்கக் காணோம்" என்று புலம்பினீர்களாம். அந்த அமெரிக்காக்காரன் உங்கள் மகன்தான். அவன் குவைத்தை விட்டு எங்கும் போகவில்லை. அவனுடைய போனில் இருக்கும் இலவச கோல் செயலி ஒன்று அவனுக்கு +1 என்று தொடங்கும் நம்பரைக் கொடுத்திருக்கிறது. ஊரில் வெளிநாட்டு நம்பர் மோசடி பெருகிக் கிடக்கிற காலத்தில் நீங்கள் கட் பண்ணியது கெட்டித்தனம்தான்.

எதிர் லயத்துப் பையன் மட்டும் எப்படி வட்ஸ்அப்பில் தினமும் முகம் காட்டுகிறான் என்று அடுத்துக் கேட்பீர்கள். அவன் வீட்டில் ஸ்மார்ட் போன் இருக்கிறது, இணையத்துக்கு ரீலோட் போடவும் ஆள் இருக்கிறது. உங்களிடம் இருப்பது பட்டன் போன். இணையத்தில் கிளம்பும் குரல் பட்டன் போனில் வந்து இறங்க வேண்டுமானால் இலங்கைக் கம்பனிக்கு நிமிடக் காசு கட்ட வேண்டும். போதாததற்கு, வெளிநாட்டுத் தொலைபேசி வியாபாரத்தின் மேல் 2004ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு வரியையும் ஏற்றி வைத்திருக்கிறது. அதனால் அந்தச் செயலியில் அவன் சேர்க்கிற புள்ளிகள், அமெரிக்காவுக்கு வெகுநேரம் பேசப் போதுமானவை, நம் ஊருக்கு "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுப் பதில் வருவதற்குள் தீர்ந்துவிடுகின்றன. அமெரிக்காவில் உங்கள் மகனுக்கு ஒருவரையும் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

புள்ளி சும்மா வராது. விளம்பரப் படம் பார்த்தால் கொஞ்சம், விளையாட்டு ஒன்றை இறக்கி ஏழு நாளில் கோட்டை கட்டிக் காட்டினால் நிறைய, கருத்துக்கணிப்பை நிரப்பினால் நடுத்தரம். விளையாட்டுக் கம்பனி ஆள் பிடிக்கக் கொடுக்கும் காசில் தரகன் ஒரு பங்கு எடுப்பான், செயலிக்காரன் ஒரு பங்கு எடுப்பான். அடிமண்டிதான் உங்கள் மகனுக்கு. இது ஒன்றும் புது வித்தை இல்லை. 1999இலேயே டயல்பேட் என்ற கம்பனி, கணினியில் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே அமெரிக்காவுக்குள் இலவசமாகப் பேசவிட்டது. பிறகு பொஸ்டனில் இருந்த ஜானா என்ற கம்பனி எம்சென்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்து, செயலிகளை இறக்கிப் பார்க்கிறவர்களுக்கு ரீசார்ஜ் கொடுத்தது. இந்தியாவில் எத்தனையோ பையன்கள் அப்படித்தான் போனை நிரப்பினார்கள்.

கோட்டை கட்ட நேரம் ஏது என்று கேட்பீர்கள். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை யாரையும் வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்பது இங்கத்தைய விதி. 2016 ஜூலையில் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 பாகை வெயில் அடித்த நாடு இது, விதி இல்லாவிட்டால் ஆள் மிஞ்சாது. அந்த நேரத்தில் அறையில் எல்லாரும் தூங்குவார்கள். உங்கள் மகன் கோட்டை கட்டுவான். இங்கே அவன் சாதாரண ஆள் இல்லை அம்மா, மூன்று ராச்சியங்களுக்கு அதிபதி.

கருத்துக்கணிப்புதான் அவனைக் கவிழ்த்தது. "வீட்டில் நாய் உண்டா?" உண்டு என்றான். லயத்து நாய் எல்லார் வீட்டு நாயும்தானே. "எந்தக் கம்பனி உணவு கொடுக்கிறீர்கள்?" பட்டியலில் பழைய ரொட்டி இல்லை. "வாரத்துக்கு எத்தனை முறை அதற்குப் பல் துலக்குகிறீர்கள்?" இந்தக் கேள்விக்கு அவன் எழுந்துபோய்த் தன் பல்லையே துலக்கிவிட்டு வந்தான். "நாய்க்கு மருத்துவக் காப்புறுதி உண்டா?" இல்லை. உடனே ஒரு பக்கம் திறந்தது: மன்னிக்கவும், இந்தக் கணிப்புக்கு நீங்கள் பொருத்தமானவர் அல்ல. நாய்க்குக் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டவன், உங்கள் மகனுக்கு இருக்கிறதா என்று கேட்கவில்லை.

அடுத்த கணிப்பில் நாய்க்குக் காப்புறுதி எடுத்துக் கொடுத்தான், பல்லும் துலக்கிவிட்டான். கடைசியில் சொந்த ஊர் விலாசம் கேட்டது. வீட்டு இலக்கம், தெருப் பெயர். நம் கடிதங்களெல்லாம் காலங்காலமாகத் தோட்டத்து ஒபிஸுக்கு வந்து, அங்கிருந்து ஆள் பார்த்து லயத்துக்கு வருகிறவை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வெறுமையாக விட்டால் சிவப்பாகிறது. பல் துலக்கிய நாய் இருக்கிற வீட்டுக்கு இலக்கம் இல்லை என்றால் கம்பனிக்காரன் நம்புவானா? நம்பவில்லை.

கட்டி முடித்த கோட்டைக்கும் முழுப் புள்ளி வரவில்லை. பாதி வந்தது, மீதி "பரிசீலனையில்" என்று நிற்கிறது. நீங்கள் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கழித்து, கிலோ குறைவென்று அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம் தருவார்களே, அதே கணக்குத்தான். உங்களுக்காவது ஏசுவதற்கு எதிரே கணக்கப்பிள்ளை நிற்பார். இங்கே ஏசினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு இயந்திரம் பதில் போடுகிறது. இது உங்கள் மகனுடைய வயிற்றெரிச்சல் மட்டும் இல்லை. டாப்ஜாய் என்ற விளம்பரத் தரகுக் கம்பனி மேல், சொன்ன வேலையை முடித்தவர்களுக்குச் சொன்ன வெகுமதி போய்ச் சேரவில்லை என்று இலட்சக்கணக்கான முறைப்பாடுகள் குவிந்து, 2021 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அதைப் பிடித்தது.

போன வாரம் ஒரு விளம்பரம் வந்தது. பனிக்குள் நீல ரயில், தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம், தொப்பி போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி கை அசைக்கிறாள். பின்னால் தேயிலை மலை. எந்த மலை என்று உங்கள் மகனுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அங்கே யார் யார் கொழுந்து பறிப்பார்கள் என்றும் தெரியும். முப்பது விநாடிப் படத்தில் அவர்கள் ஒருத்தரும் இல்லை. முதல் தடவை பார்த்ததற்குத்தான் புள்ளி. அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் இனாம்.

இப்போது நடக்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த சம்பளத்துக்குப் பிறகு லீவில் ஊருக்கு வருகிற கூட்டாளி ஒருவன் கையில் உங்களுக்கு ஸ்மார்ட் போன் வருகிறது. பழையதுதான், கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கும். இங்கே வேலை முடிய இரவு பத்தாகும், உங்களுக்கு அப்போது பன்னிரண்டரை. காலையில் பேர் பதியப் பெரட்டுக்குப் போகிறவர் விழித்திருக்க வேண்டாம். எனக்கு லீவு வெள்ளிக்கிழமை, அன்றைக்குப் பின்னேரம் கோயிலடிக்கு வாருங்கள், அங்கேதான் சிக்னல் நிற்கும். கோட்டை கட்டுகிற விளையாட்டை மட்டும் அந்தப் போனில் இறக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்