சுருக்கம் விழாத பாதம்

ஏற்காடு ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை மாலை நின்றால் இவரைப் பார்க்கலாம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருப்பார். உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். காலைத்தான் பார்ப்பார், பார்த்துவிட்டு, ஜாதகத்தில் ஏதோ தோஷம் கண்ட ஜோசியர்போல உச்சுக்கொட்டுவார்.

அவர் காலில் இருப்பது, 1985-ல் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனுக்காக நைக்கி செய்த ஷூவின் மறுபதிப்பு. பந்து ஆடுவீர்களா என்று கேட்டுவிடாதீர்கள்.

"கோர்ட்டுக்கு இல்லண்ணே, இது டெய்லி வேர்!"

அந்த 'டெய்லி'யில் திங்கள் முதல் சனி வரை அது டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தூங்கும். மழை நாளுக்கும் விடுமுறை.

முன்பக்கத் தோல் மடிந்து சுருக்கம் விழக்கூடாதாம். அதனால் விரலை மடக்காமல் வாத்துபோல நடப்பார். லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் படி இறங்கும்போது நண்டாகிவிடுவார். மிளகாய் பஜ்ஜி போடும் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"கால்ல ஆணியா தம்பி? எருக்கம்பால் வெச்சுப் பாரு."

அன்றாடம் போட எது நல்லது என்று நானும் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். என் ஷூவைக் கழற்றச் சொல்லி, தையலைத் தடவி, முகர்ந்தும் பார்த்தார். (முகர்ந்தது அவர் தப்பு.) பிறகு உபதேசம்: நியூ பேலன்ஸ் 550 வாங்குங்க, 1989-ல் வந்து மறந்துபோய் 2020-ல் மறுபிறவி எடுத்தது. கான்வாஸ் என்றால் கான்வர்ஸ் ஆல் ஸ்டார், 1917.

"நம்ம ஏற்காடு மான்ட்ஃபோர்ட் ஸ்கூலும் அதே வருஷம்தான் தம்பி" என்றேன்.

"அதுக்கு ரீசேல் கிடையாதேண்ணே."

நியாயமாகச் சொன்னால் அவர் ஷூ மோசமில்லை. ரப்பர் அடியை மேல்தோலோடு சுற்றித் தைத்திருக்கிறார்கள். சீக்கிரம் வாய் பிளக்காது. ஆனால் கட்டைவிரல் மேட்டுக்கு அடியில் வட்டவட்டமாக வரி. மரத்தளத்தில் ஒற்றைக்காலில் சுழல்வதற்காக வைத்தது. கிளியூர் அருவிப் பாதையின் பாசியிலும் அது தன் கடமையைச் செய்தது. தம்பி அரைச் சுற்று சுழன்று உட்கார்ந்தார், இரண்டு காலையும் ஆகாயத்தில் தூக்கியபடி. இடுப்பெல்லாம் சேறு, ஷூவில் ஒரு சொட்டு இல்லை.

அப்புறம் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். குகைக்குள் சாமி, செருப்பை வெளியே விட வேண்டும். தம்பி கழற்றவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. எங்கள் செருப்புகளையும் அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நிம்மதியாகக் கும்பிட்டு வந்தோம்.