மைக்குக்கு ஒரு மகமை

டிவி, வானொலிச் செய்தித் துறையில் படிக்கப் பணம் எங்கே கிடைக்கும்? விஸ்வநத்தம், சிவகாசி, திருத்தங்கல் பக்கத்து வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

● மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். "டிவியில செய்தி சொல்லணும்மா" என்று ஒரே பிடிவாதம். நான் பயர் ஆபீஸ் (பட்டாசு ஆலை) வேலைக்குப் போகிறவள். எங்களுக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?
— ஒரு தாய், விஸ்வநத்தம்

கிடைக்கும் அம்மா. ஆனால் "டிவி செய்திப் படிப்புக்கு" என்று பெயர் எழுதிய ஸ்காலர்ஷிப்பை இப்போதே தேட வேண்டாம். முதலில் டிகிரி. அதற்கு எல்லா மாணவர்களுக்கும் உள்ள உதவிகளே போதும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். 2022-இல் தொடங்கிய இந்தத் திட்டம் பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிந்தது. சிவகாசிப் பக்கம் உதவி பெறும் பள்ளிகள் நிறைய என்பதால் இதைச் சொல்கிறேன். பல வீடுகளில் "நமக்குக் கிடையாது" என்று விட்டுவிடுகிறார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இந்த ஆயிரம் நிற்காது.

எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பி.சி., எம்.பி.சி.க்கு அவரவர் நலத்துறை வழியாக உதவி இருக்கிறது. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, தன் தேர்வு வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தால், ஒன்றிய அரசின் திட்டத்தில் டிகிரிக்கு வருஷம் 12,000 ரூபாய், மேல்படிப்புக்கு 20,000 ரூபாய். அதற்கு வருமான வரம்பு 4.5 லட்சம். ஆனால் வேறு ஸ்காலர்ஷிப் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. எது அதிகம் என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். கல்லூரி திறந்த பிறகு அலைந்தால் உங்கள் கூலி நாள்தான் போகும்.

● செய்தி வாசிக்க எதற்குப் படிப்பு? உச்சரிப்பு சுத்தமாக இருந்தால் போதாதா?
— கடை வியாபாரி, திருத்தங்கல்

வாசிக்கப் போதும். கேட்கப் போதாது.

பட்டாசு ஆலையில் விபத்து என்றதும் "உராய்வினால் தீப்பிடித்தது" என்று ஒரு வரி வரும். அதோடு செய்தி முடிந்துவிடும். அந்த ஆலைக்கு ஒன்றிய வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசன்ஸா, சென்னை லைசன்ஸா, மாவட்ட வருவாய் அலுவலர் கொடுக்கும் டி.ஆர்.ஓ. லைசன்ஸா? லைசன்ஸ் வைத்திருப்பவரே நடத்தினாரா, உள்குத்தகைக்கு விட்டிருந்தாரா? ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்குக்கு மேல் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? அன்றைக்குத்தான் கலந்த மருந்தா, முதல் நாள் மிச்சமா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறக்குறைய 40 உயிர்கள் போயின. அப்படிப்பட்ட நாளில் மைக்கை நீட்டுகிறவருக்கு இந்தக் கேள்விகள் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைக்கு இதில் பாதி வீட்டிலேயே தெரியும். மீதியை, அதாவது ஆவணத்தை எங்கே தேடுவது, அதிகாரியிடம் எப்படி விடாமல் கேட்பது, இறந்தவர் வீட்டில் எந்த வார்த்தையைப் பேசக் கூடாது என்பதையெல்லாம் படிப்பு சொல்லிக்கொடுக்கும்.

● டிகிரி முடித்துவிட்டேன். டிவி செய்திக்கென்றே படிக்க ஆசை. சென்னையில் ஏ.சி.ஜே. என்கிறார்கள். கட்டணம் கேட்டதும் மனசு விட்டுப்போச்சு.
— மாணவி, சிவகாசி

மனசை விடாதீர்கள். ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தரமணியில் இருக்கிறது. பெங்களூரில் தொடங்கி 2000-இல் சென்னைக்கு வந்த நிறுவனம். தொலைக்காட்சியைத் தனிப் பிரிவாக எடுத்துப் படிக்கலாம், வானொலியும் உண்டு. கட்டணம் நம் வீடுகளுக்குப் பெரிய தொகைதான். ஆனால் தலித், பழங்குடி மாணவர்கள் சிலருக்கு அங்கே முழு உதவித்தொகை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒளிபரப்பு இதழியல் படிக்கிறவருக்குக் கைகொடுக்கும் பண உதவி எது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். மற்றவர்களும் வருமானத்தை வைத்துச் சலுகை இருக்கிறதா என்று அட்மிஷன் அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர் நாளைக்கு அமைச்சரிடம் எப்படிக் கேள்வி கேட்பார்?

பாடம் முழுக்க ஆங்கிலம். தமிழ் வழியில் படித்தவர்களுக்குக் கட்டணத்தைவிடப் பெரிய சுவர் இதுதான் என்பது என் கருத்து. ஒரு வருஷம் தள்ளிச் சேர்ந்தாலும் பரவாயில்லை; தினம் ஒரு ஆங்கிலச் செய்தியைப் படித்து, அதையே ஆங்கிலத்தில் ஐந்து வரியில் திருப்பி எழுதிப் பழகுங்கள். நுழைவுத் தேர்வில் கைகொடுக்கும்.

● அது மட்டும்தானா வழி?
— அதே மாணவியின் அண்ணன்

இல்லை தம்பி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது, சிவகாசியிலிருந்து பஸ் தூரம். திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் தொடர்பியல் துறை உண்டு. பல்கலைக்கழகக் கட்டணம் குறைவு, அரசு உதவித்தொகையும் சிக்கலில்லாமல் வரும். 2025-இல் தமிழ்நாடு அரசே சென்னை கோட்டூர்புரத்தில் இதழியலுக்கென ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறது, அதையும் பாருங்கள். டெல்லி வரை போகத் துணிவு இருந்தால், 1965-இல் தொடங்கிய ஐ.ஐ.எம்.சி.யில் (இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் மாஸ் கம்யூனிகேஷன்) வானொலி, தொலைக்காட்சி இதழியலுக்கென்றே முதுநிலைப் பட்டயம் இருக்கிறது.

எங்கே சேர்ந்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இந்தப் படிப்புக்கு அரசு அங்கீகாரம் உண்டா?" அங்கீகாரம் இல்லாத பட்டயத்துக்குப் போஸ்ட் மெட்ரிக் பணம் வராது.

● அப்பா பட்டாசு விபத்தில் போய்விட்டார். மேல்படிப்பு பற்றி நினைக்கலாமா?
— மாணவர், சிவகாசி வட்டம்

நினைக்க வேண்டும் தம்பி. 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பட்டாசு ஆலை விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை, உயர்கல்வி உட்பட, அரசே ஏற்கும் என்று அறிவித்தார். முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் நிதி என்றும் சொன்னார். விருதுநகர் கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள். அப்பாவின் இறப்புச் சான்று, எப்.ஐ.ஆர். நகல், அவர் அந்த ஆலையில் வேலை பார்த்ததற்கான ஆதாரம், உங்கள் படிப்புச் சான்றுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். "இன்ஜினியரிங், நர்சிங் என்றால் சரி, இதென்ன டிவி படிப்பு?" என்று யாராவது கேட்டால், உயர்கல்வி என்றுதான் அறிவிப்பு, எந்தப் படிப்பு என்று இல்லை என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

அம்மாவும் பட்டாசு வேலைக்குப் போகிறவர் என்றால் நலவாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கான உதவி பதிவு உள்ளவர்களுக்குத்தான்.

● ஸ்காலர்ஷிப் உறுதி, பிராசசிங் சார்ஜ் 2,500 அனுப்புங்கள் என்று போனில் ஒருவர் சொல்கிறார்.
— பிளஸ் டூ மாணவர், ஆனையூர்

அனுப்பாதீர்கள். உதவித்தொகை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். ஓ.டி.பி.யும் சொல்ல வேண்டாம்.

● எஜுகேஷன் லோன் போட்டுப் படிக்கலாமா?
— அச்சகத் தொழிலாளி, விஸ்வநத்தம்

போடலாம், ஆனால் கடைசி வழியாக. 4 லட்சம் வரை வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்டவும் வேண்டாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். செய்தித் துறையில் முதல் வேலையின் சம்பளம் சின்னது. அதில் சென்னை வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவதில் தவணை கட்ட முடியாமல், இரண்டே வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிற நல்ல பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. நான் ஸ்காலர்ஷிப்பை இத்தனை வற்புறுத்துவது இதற்காகத்தான். கடன் இல்லாமல் படித்தவர் பிடிக்காத இடத்தில் தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை.

● வெளிநாட்டில் இப்படி உண்டா?
— கல்லூரி ஆசிரியை, சிவகாசி

உண்டு, அதுவும் பெயர் சொல்லி. அமெரிக்காவில் எட் பிராட்லி பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே வானொலிக்குள் நுழைந்தவர், பிறகு சி.பி.எஸ். டிவியின் பெரிய முகம் ஆனார். அவர் பெயரில் ஒளிபரப்பு இதழியல் மாணவர்களுக்கு 10,000 டாலர் விருது இருக்கிறது. 1992-இல் அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தை நடத்திய கறுப்பினப் பெண் செய்தியாளர் கேரல் சிம்ப்சன் பெயரிலும் ஒன்று உண்டு. இரண்டுமே செய்தி அறைகளில் இதுவரை கேட்காத குரல்கள் வர வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்படுபவை. நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. இப்படி ஒரு விருது நம் பக்கத்தில் யார் பெயரிலும் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

● கோவிலுக்குக் கொடுக்கிறோம், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறோம். டிவிக்காரர்கள் எங்கள் தொழிலை விபத்தன்றைக்கும் தீபாவளிக்கும்தான் காட்டுகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?
— தொழிலதிபர், சிவகாசி

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன காரணத்துக்காகவேதான் கொடுக்க வேண்டும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் கூடாது, தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரைதான் என்று உத்தரவிட்டது. இங்கே வீட்டுக்கு வீடு அடுப்பைப் பற்றிய பேச்சாக இருந்த அந்த விஷயம் டெல்லி ஸ்டுடியோக்களில் புகையைப் பற்றிய பேச்சாகவே முடிந்தது. டெல்லிக் குழந்தையின் நுரையீரலும் உண்மை, இங்கே திரி வைக்கிற பெண்ணின் கூலியும் உண்மை. இரண்டையும் அறிந்த ஒருவர் அந்த விவாதத்தை நடத்தியிருந்தால் கேள்விகளே வேறாக இருந்திருக்கும்.

இதை உங்கள் மாவட்டத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. விருதுநகர் வியாபாரிகள் வியாபாரத்தில் இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள், வீடுதோறும் பிடி அரிசி வாங்கினார்கள். 1889-இல் சத்திரிய வித்யாசாலை அப்படிப்பட்ட பணத்தில் எழுந்தது. காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது. அந்த மகமையில் ஒரு பங்கு இன்று ஒரு மைக்குக்குப் போகட்டும். ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவர் போதும். தொழிலாளி வீட்டுப் பிள்ளை. கல்விக் கட்டணம் மட்டும் கட்டிவிட்டுக் கைகழுவ வேண்டாம். ஹாஸ்டல், சாப்பாடு, நல்ல போன், ஒரு காலர் மைக், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் மாதங்களுக்கான செலவு எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். பாதியில் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்பதில்லை, வாடகை கொடுக்க முடியாமல் நிற்கிறார்கள்.

ஒரு நிபந்தனை, உங்களுக்கு. தேர்வுக் குழுவில் ஆலை முதலாளிகள் இருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை நாளைக்கு உங்கள் ஆலை வாசலில் நின்று, அறையில் எத்தனை பேர் என்று உங்களையே கேட்டாலும் அடுத்த வருஷப் பணம் நிற்கக் கூடாது. இதற்குச் சம்மதம் என்றால் சொல்லுங்கள், உங்கள் பெயர் போட்டு இந்தப் பக்கத்திலேயே அறிவிப்பு வெளியிடுகிறேன்.

● கேமராமேன் ஆக விரும்புகிறவனுக்கு இதெல்லாம் கிடைக்குமா?
— ஐ.டி.ஐ. மாணவர், விருதுநகர்

ஐ.டி.ஐ.க்கும் ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 உண்டு, நீங்கள் அரசுப் பள்ளி மாணவர் என்றால். செய்தியில் பாதி உங்கள் கண்தான். தைரியமாக வாருங்கள்.

● விண்ணப்பத்தில் "உங்களைப் பற்றி எழுதுங்கள்" என்கிறார்கள். கஷ்டத்தையெல்லாம் எழுதலாமா?
— மாணவி, விஸ்வநத்தம்

ஒரு பத்தி போதும். வருமானச் சான்றே மீதியைச் சொல்லிவிடும். "நான் என்ன செய்தி சொல்லப் போகிறேன்" என்பதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். விடியுமுன் வேன் எத்தனை மணிக்கு வருகிறது, பீஸ் ரேட்டில் ஒரு நாளைக்கு என்ன கிடைக்கும், மழைக் காலத்தில் மருந்து காயாத நாளில் அம்மா என்ன செய்வாள் என்பதெல்லாம் தேர்வாளருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

● வீடியோவும் கேட்டிருக்கிறார்கள். ஆலைக்குள் போய் எடுக்கட்டுமா?
— அதே மாணவி

வேண்டவே வேண்டாம். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது உயிரைக் காக்கிற விதி. வேன் ஏறும் இடம், டீக்கடை, உங்கள் வீட்டுத் திண்ணை போதும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள். பேசுகிறவரை அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். முகம் காட்ட வேண்டாம் என்றால் கைகளை மட்டும் காட்டுங்கள். எடுத்து முடித்ததும் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒருமுறை கேளுங்கள். தெருவில் ஆப்செட் மிஷின் சத்தம் பேச்சை மூழ்கடித்திருந்தால் மறுபடி எடுங்கள்.