ஓர்க்கைப் பேச விடாதே

மாயாஜாலக் கதை எழுதப் போறியாமே பேராண்டி? பேஷா எழுது. கெட்டவனுக்குன்னே தனியா ஒரு இனத்த உண்டாக்கி வச்சிருக்கியாம். தொட்டில் பிள்ளையிலருந்து பல்லுப்போன கெழவி வரைக்கும் அம்புட்டுப் பேரும் அயோக்கியங்களாம். கெட்டிக்காரன்டா நீ! எவன் எதுக்குக் கெட்டுப்போனான்னு மண்டையப் போட்டு ஒடைக்க வேணாம். ஒன் கதாநாயகன் கூட்டத்தோட வெட்டிச் சாய்ச்சுட்டு, கையக் கழுவிட்டு, நிம்மதியா சோத்துக்கு உக்காரலாம். படிக்கிறவனும் பக்கத்துலயே எலை போட்டுக்கலாம்.

இந்தச் சோலிய ஒனக்கு முன்னால பாத்தவரு டோல்கின், ஆக்ஸ்போர்டு வாத்தியாரு. 1954-லயும் 55-லயுமா 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூணு பாகமா வந்துச்சு. அதுல ஓர்க்குன்னு ஒரு கூட்டம். ஒரு நல்ல ஓர்க்கக்கூட மனுசன் கண்ணுல காட்டல. அதுவரைக்கும் சரியாத்தான் போனாரு. அப்புறம் சறுக்குனாரு. எங்கெங்கன்னு சொல்றேன், நீ சூதானமா இருந்துக்க.

மொதப் புத்தி: ஓர்க்கப் பேச விடாத. அவரு விட்டாரு. கிரித் உங்கோல் கணவாயில ஷாக்ராட், கோர்பாக்னு ரெண்டு ஓர்க்குப் படைத்தலைவனுங்க பேசிக்கிட்டுப் போறத, கதாநாயகனோட தோழன் சாம் ஒளிஞ்சு கேக்குறான். மேல இருக்குறவனுங்களத் திட்டுறானுங்க. சண்டை முடிஞ்சா நம்பிக்கையான நாலு பயலுகளச் சேத்துக்கிட்டு, பெரிய தலைங்க இல்லாத எடமாப் பாத்துக் கொள்ளையடிச்சுப் பொழைக்கலாம்னு கனாக் காணுறானுங்க. நடுவுல கோர்பாக், வழியில கெடந்த கதாநாயகனக் காட்டி, கூட வந்தவன இப்படிப் போட்டுட்டுப் போயிட்டானே, நம்ம எதிரி எல்ஃப் பய புத்தியக் காட்டிட்டான்னு ஏசுறான். செத்த நேரத்துல ஷாக்ராட்டு, தங்களோட ஆளு ஒருத்தன் சிலந்திகிட்ட மாட்டித் தொங்குனதப் பாத்துச் சிரிச்சுட்டு, அப்படியே விட்டுட்டு வந்த கதைய எடுத்து விடுறான். ஆக, தோழன விட்டுட்டுப் போறது தப்புன்னு ஓர்க்குக்குத் தெரியுது. அடுத்தவன் செஞ்சா ஈனத்தனம், தான் செஞ்சா வேடிக்கை. இந்தக் குணத்த ஓர்க்குக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுக்க முடியுமாடா? நம்ம ஊருல ஒரு வீடு தப்புமா?

ரெண்டாவது: செத்தவனப் பத்தி யோசிக்க விடாத. இதிலியன் காட்டுல தெற்கத்திப் படைவீரன் ஒருத்தன் சாமுக்குக் கிட்டக்க விழுந்து சாகுறான். மூஞ்சி தெரியல, தெரியாததே நல்லதுன்னு சாம் நெனைக்கிறான். ஆனா மனசு கேக்கல. இவன் பேரு என்ன, நெசமாவே கெட்டவனா, இல்ல எவனோ பொய் சொல்லியோ மெரட்டியோ கூட்டியாந்தானான்னு யோசனை. நல்லவேளை, மனுசப் பொணத்தோட அது நின்னுச்சு. ஓர்க்குப் பொணத்துக்கும் வந்திருந்தா யுத்தமே நடந்திருக்காது.

மூணாவது: ஒசந்த எடத்துல அழுக்க வைக்காத. டோல்கின் அள்ளி அள்ளி வச்சாரு. ஒசத்தியிலும் ஒசத்தி எல்ஃபு. அதுல ஃபியனோர் கப்பலுக்காகச் சொந்த இனத்தையே வெட்டுனான். சாருமான் தேவகணத்துல ஒருத்தன், அவனே வெலை போனான். கொல்லம், சாமோட குள்ள இனமான ஹாபிட்டுக்குச் சொந்தக்காரன். வச்சிருக்கிறவனக் கெடுக்குற மந்திர மோதிரத்துக்காகக் கூட்டாளி கழுத்த நெறிச்சான். ஏன், மந்திரவாதி கேன்டால்ஃபும் எல்ஃப் சீமாட்டி கலாட்ரியலும் அந்த மோதிரத்த நீட்டுனப்ப வேணாம்னு ஒதுங்குனாங்களே, ரத்தம் காப்பாத்தும்னா எதுக்கு ஒதுங்கணும்?

இதுல ஒரு கூத்தக் கேளு. 1938-ல ஜெர்மன் பதிப்பாளர், நீங்க ஆரியரான்னு கேட்டு எழுதுனாரு. டோல்கினுக்கு வந்துச்சே கோவம், இனப் பித்தையே கிழிச்சுக் கடுதாசி எழுதிட்டாரு. அதே கைதான் 1958-ல ஓர்க்கு மூஞ்சி எப்படின்னு எழுதயில, ஐரோப்பாக்காரன் கண்ணுக்கு அழகில்லாத மங்கோலியச் சாடைன்னு எழுதுச்சு. கொள்கைக்குக் காவல் போட்டவரு, தூரிகைக்குப் போட மறந்துட்டாரு. ஒனக்கும் இதேதான் நடக்கும், பாத்துக்க.

பின்னால வந்தவங்க புத்திசாலிங்க, யோசனைக்கே எடம் வைக்கல. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளையாட்டுக்கு 1977-ல வந்த அரக்கர் பொஸ்தகத்துல ஓர்க்குக்கு எதுத்தாப்புல குணத்தையே அச்சடிச்சுட்டாங்க: சட்டத்துக்கு அடங்குன கெட்டவன். ஜாதகம் கணிக்கிற செலவும் மிச்சம்.

டோல்கினுக்கு அந்தச் சமத்து இல்ல. கெடுதலால எதையும் படைக்க முடியாது, இருக்குறதத்தான் கெடுக்க முடியும்ங்குறது கத்தோலிக்கரான அவரு நம்பிக்கை. அப்ப ஓர்க்கு எது கெட்டு வந்துச்சு? எல்ஃபா, மனுசனா, மிருகமா? எல்ஃபோ மனுசனோன்னா அதுக்கும் ஆத்மா உண்டு, திருந்தவும் வழி உண்டு. அப்ப வெட்டுனது யாரு பாவம்? மாத்தி மாத்தி எழுதிப் பாத்தாரு. 1973-ல கண்ண மூடுற வரைக்கும் முடிவு கட்டல. அந்தத் தடுமாட்டத்த மகன் கிறிஸ்டஃபர் 1993-ல 'மார்காத்ஸ் ரிங்' பொஸ்தகத்துல அச்சுல ஏத்திட்டாரு.

அதனால பேராண்டி, நிம்மதி வேணும்னா ஒன் ஓர்க்கு வாயத் தச்சுரு. டோல்கின் தைக்கல, அவரு கணக்கு தீராமயே கெடக்கு, அதத் தீக்கத்தான் சனங்க இன்னமும் அவரப் படிச்சுக்கிட்டே இருக்காங்க. ஒன் கணக்கு சுத்தம். மொதப் பதிப்போடயே தீந்துரும்.