றெக்கை மாட்டும் முன்…

சித்திரை வெயில் ஏறினால் டெல்டா வீடுகளில் பரணிலிருந்து ஏணி இறங்கும். சீலிங் ஃபேனை முதன்முறையாகத் தாமே மாட்டப் பார்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கே இந்த வாரம் முழுப் பக்கமும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் ஊர் எங்களுடையது. எங்களுக்கு எதற்கு ஃபேன்?
— திருவையாறு வாசகர்

அம்மி பறப்பது ஆடியில். நீங்கள் வேர்த்துக் கொட்டுவது சித்திரையில்! பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சில மாதத்து விருந்தாளி. முற்றம் வைத்த பழைய வீடு சூட்டை மேலே விட்டுவிட்டது. இன்றைய காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரியில் நம் தலைமேல் கக்குகிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. நம் வேர்வையை உலர்த்தி நம்மைக் குளிர வைக்கிறது. ஆளில்லாத கூடத்தில் ஓடும் ஃபேனால் மீட்டருக்கு மட்டும்தான் லாபம்.

நடவு நேரத்தில் வயர்மேன்கள் எல்லாரும் பம்புசெட் பின்னால் போய்விடுகிறார்கள். நானே மாட்டலாமா?
— கும்பகோணம் வாசகர்

கொக்கியும் உறுதி, வயரும் நல்ல நிலை, பழைய ஃபேனைக் கழற்றிப் புதியதை மாட்டுகிற வேலை மட்டும்தான் என்றால், பொறுமையும் துணைக்கு ஒரு ஆளும் இருந்தால் கற்றுக்கொண்டு செய்யலாம். புதிதாகப் பாயின்ட் எடுக்க வேண்டும், சுவரைக் கொத்திப் பைப் புதைக்க வேண்டும், மெயின் போர்டில் கை வைக்க வேண்டும் என்றால் நடவு முடியும்வரை காத்திருங்கள். அது உரிமம் பெற்றவரின் வேலை. அதுவரை டேபிள் ஃபேன் போதும். உயிருக்கு மாற்று கிடையாது.

சுவிட்சை அணைத்துவிட்டு ஏறினால் போதாதா?
— ஒரத்தநாடு வாசகி

போதாது! சுவிட்ச் பேஸ் வயரைத்தான் துண்டிக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் அது நியூட்ரலைத் துண்டித்துக்கொண்டிருக்கும். ஃபேன் நிற்கும், ஆனால் அதன் வயரில் மின்சாரம் காத்திருக்கும். எனவே மெயினை அணையுங்கள். பியூஸ் கட்டை உள்ள வீடென்றால் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப்போட்டு, பல நாள் இருட்டில் உட்கார வைத்தது. இன்வெர்ட்டரின் அருமை அப்போது எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் தன் கடமையைச் செய்யும். அதையும் அணைத்தாக வேண்டும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் கொடுக்கவே கூடாது. அந்த மின்சாரம் கம்பத்துக்கு ஏறி, நமக்காக மழையில் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

டெஸ்டரையும் சோதியுங்கள். மெயினை அணைக்கும் முன் மின்சாரம் உள்ள பாயின்ட்டில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒளிர்ந்தால்தான், பிறகு ஃபேன் வயரில் அது ஒளிராததை நம்பலாம்.

ஃபேனில் மூன்று வயர், கூடவே ஒரு கண்டன்சர். எதை எதோடு சேர்ப்பது?
— மன்னார்குடி வாசகர்

பெட்டி பிரித்த புது ஃபேனில் கண்டன்சரைப் பெரும்பாலும் கம்பெனியிலேயே இணைத்திருப்பார்கள். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் அதனதன் இடத்தில் இறுக்கினால் வேலை முடிந்தது.

குழப்பம் வருவது ரிவைண்டிங் ஆகி வந்த ஃபேனில். உள்ளே ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று இரண்டு காயில். இரண்டும் சேரும் முனை காமன். வயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். அதிக ஓம்ஸ் காட்டும் ஜோடியில் இல்லாத வயர்தான் காமன். காமனோடு சேர்த்து அளக்கும்போது குறைந்த ஓம்ஸ் காட்டுவது பெரும்பாலும் ரன்னிங். காமன் நியூட்ரலுக்கு, ரன்னிங் பேஸுக்கு. பேஸுக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் நடுவில் கண்டன்சர், பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட். ரன்னிங்கும் ஸ்டார்ட்டிங்கும் இடம் மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றிக் காற்றை மேலே அனுப்பும். பல்லி மட்டும் சுகமாகத் தூங்கும்.

குச்சியால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிற ஃபேனுக்கும் முதல் மருந்து கண்டன்சர்தான்.

எங்களுடையது நாட்டு ஓட்டு வீடு. எதில் தொங்கவிடுவது?
— பாபநாசம் வாசகி

உத்தரத்தில்! ஓட்டைத் தாங்கும் ரீப்பர் அந்தச் சுமைக்கு மட்டும்தான். சாதாரண ஃபேன் நாலைந்து கிலோ இருக்கும். முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று சுற்றி உலுக்கும். முதலில் உத்தரத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தாலோ கரையான் மண் தெரிந்தாலோ ஆசாரியைக் கூப்பிடுங்கள். உறுதியாக இருந்தால் உத்தரத்தைச் சுற்றிப் பிடிக்கும் இரும்பு கிளாம்பு போட்டு, அதில் மாட்டுங்கள். றெக்கை தரையிலிருந்து எட்டடிக்குக் கீழே வரக் கூடாது. நம் வீட்டுக் கூடத்தில்தான் நெல் மூட்டை தலையில் ஏறும். பேரப்பிள்ளை தாத்தா தோளில் ஏறுவதும் அங்கேதான். உயரம் போதாதென்றால் சுவர் ஃபேனே நல்லது.

கொக்கி துருப்பிடித்திருக்கிறது. பெயின்ட் அடித்தால் சரியாகிவிடுமா?
— நாகப்பட்டினம் வாசகர்

பெயின்ட் துருவை மறைக்கும், ஃபேனைத் தாங்காது. கடற்கரை ஊரில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். சுரண்டினால் செதில் செதிலாக உதிருகிற கொக்கியை மாற்றியே ஆக வேண்டும்.

ஃபேனை மாட்டும்போது ராடின் இரு முனைகளையும் பாருங்கள். மேலே ஷேக்கிளில் ரப்பர் உருளை வழியாகப் போகும் போல்ட், கீழே மோட்டாரோடு ராடைப் பிணைக்கும் போல்ட். இரண்டிலும் நட்டை முறுக்கியபின், சின்னதாகக் காட்டர் பின் ஒன்றைச் செருகி முனையை விரித்துவிட வேண்டும். நாள்தோறும் அதிர்கிற நட்டு கழன்று வராமல் காப்பது அந்தப் பின்தான். கப்பை மேலே ஏற்றிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஏற்றும் முன் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கினால் பணம் மிச்சமாகுமா?
— திருவாரூர் வாசகர்

கணக்குப் போடுவோம். பழைய ஃபேன் 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். பி.எல்.டி.சி. 30 வாட் என்றால் 22 யூனிட்டுக்குள் முடியும். மூன்று ஃபேன் உள்ள வீட்டில் மிச்சம் நூறு யூனிட்டை நெருங்கும். உபயோகம் ஏறினால் யூனிட் விலையும் ஏறுகிற கட்டண முறையில் இது நல்ல லாபம். 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அதைப் பார்த்து வாங்குங்கள். பழைய ரெகுலேட்டரோடு பி.எல்.டி.சி. ஃபேனை இணைக்கக் கூடாது. வேகத்தை ரிமோட் பார்த்துக்கொள்ளும்.

மாட்டிய நாள் முதல் ஃபேன் சாமியாடுகிறது!
— நீடாமங்கலம் வாசகி

ஒவ்வொரு றெக்கையின் நுனியிலிருந்தும் கூரை எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதன் கை வளைந்திருக்கிறது, அல்லது திருகு தளர்ந்திருக்கிறது. றெக்கைகள் எடை பார்த்துச் சேர்த்த செட். பழைய ஃபேனின் றெக்கையைப் புதியதில் கலக்காதீர்கள்.

களத்தில் நெல் தூற்ற ஃபேன் வைக்கிறோம். ஒட்டுப்போட்ட வயர் பரவாயில்லையா?
— திருத்துறைப்பூண்டி வாசகர்

ஈர வைக்கோல், வெறுங்கால், டேப் சுற்றிய வயர் மூன்றும் ஓரிடத்தில் சேரவே கூடாது. ஒட்டில்லாத மூன்று கோர் வயர், எர்த் உள்ள மூன்று பின் பிளக், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மூன்றும் கட்டாயம் வேண்டும். பதர் பறக்கட்டும், தூற்றுகிறவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.

சீலிங் ஃபேனைக் கண்டுபிடித்தவர் யார்?
— பட்டுக்கோட்டை மாணவர்

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிலிப் டீல். சிங்கர் தையல் மெஷினுக்கு மோட்டார் செய்தவர், 1880களில் அந்த மோட்டாரில் றெக்கை பூட்டிக் கூரையில் தொங்கவிட்டார். அவர் புண்ணியத்தில், கச்சேரி வராந்தாவில் உட்கார்ந்து நாளெல்லாம் பங்கா இழுத்த கைகளுக்கு ஓய்வு கிடைத்தது.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறேன். வீட்டு ஃபேனை மாட்ட அப்பா விடமாட்டேன் என்கிறார். பெண் பிள்ளை ஏணியில் ஏறலாமா என்கிறார்.
— தஞ்சாவூர் மாணவி

மின்சாரம் ஆண், பெண் பார்ப்பதில்லை. மெயினை அணைத்தவரா, டெஸ்டர் வைத்துப் பார்த்தவரா என்று மட்டும்தான் பார்க்கிறது. அதை முறையாகப் படிக்கிற ஆள் அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான். நாற்று நடும் பெண்களின் கை உறுதியை நம்பித்தான் இந்தத் தஞ்சைச் சீமையே சோறு கண்டது. ஃபேன் போல்ட் அந்தக் கைக்கு எம்மாத்திரம்! இந்தப் பக்கத்தை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். பிறகு மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்து, அவரையே ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.